சாசர் வழித் தகவல் பரிமாற்றம்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றுக்கு அடியில் எட்டுக் கடைகள் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அதன் பின்சந்தில் ஓர் இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் கடைக்கு ஒன்றாக எட்டு வால்வுகள். வால்வைத் திறந்தால் கேஸ் வரும், மூடினால் வராது. இந்த விஷயத்தில் இருபது ஆண்டுகளாக யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

மூன்றாவது வால்வு நைனா முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்கு உரியது. அடுப்பில் தீ இறங்கினால் அவர் சமையல்கட்டிலிருந்தே, "அந்தோணி அண்ணே, கேஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பார். கேஸ் ஆபீஸ் வால்வுக்காரர் அந்தோணிமுத்து அந்த நேரத்தில் பெரும்பாலும் நைனாவின் கடையிலேயே, பின்கதவை ஒட்டிய ஏழாம் மேசையில், தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார். எழுந்து போய்த் திறந்துவிட்டு வருவார். டீ ஆறியிருக்காது. இந்த ஏற்பாட்டில் தகவல் பாதுகாப்பு அறவே இல்லை என்பதை அன்று யாரும் உணரவில்லை. பக்கத்துக் கடையில் முடிவெட்டிக்கொண்டிருப்பவர்கூட, நைனாவுக்குக் கேஸ் வேண்டும் என்ற வணிக இரகசியத்தைக் கேட்டுவிட முடிந்தது.

பிறகு எரிவாயுச் சந்தை தாராளமயமாக்கப்பட்டது.

அதற்கான விளக்கக் கூட்டம் நகர மண்டபத்தில் கறி பஃப்புடன் நடந்தது. இதுவரை ஒரே ஆபீஸ் குழாயையும் பார்த்துக்கொண்டது, கேஸையும் விற்றது, மீட்டரையும் படித்தது. இது ஏகபோகம். ஏகபோகம் நுகர்வோருக்குத் தீங்கு. ஆகவே ஆபீஸ் மூன்று நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அந்தோணிமுத்து குழாய் நிறுவனத்துக்குப் போனார். கணக்கப்பிள்ளை ஜெயபாலன் விற்பனை நிறுவனத்துக்கு. மீட்டர் படிக்கும் ஷர்மினி மீட்டர் நிறுவனத்துக்கு. மூவரும் பத்தொன்பது ஆண்டுகள் ஓர் அறையில், ஒரு காற்றாடியின் கீழ் வேலை பார்த்தவர்கள். பிரிந்த பிறகும் அதே அறைதான். நடுவில் இரண்டு பலகைத் தடுப்புகள் வந்தன. காற்றாடி மீட்டர் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. மற்ற இரு நிறுவனங்களும் காற்று தேவைப்பட்டால் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம்.

மூன்று நிறுவனங்கள் என்றால் அவற்றுக்குள் தகவல் போய்வர வேண்டும். போய்வரும் தகவல் கசியக் கூடாது. அதற்காக எரிவாயுத் தகவல் ஒழுங்கு வாரியம், 'பாதுகாக்கப்பட்ட எரிவாயுத் தகவல் பரிமாற்ற வலையமைப்பு' என்ற ஒன்றை நிறுவியது. அதன் இயந்திரங்கள் சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கட்டடத்தில் வைக்கப்பட்டன. அந்தோணிமுத்துவின் அப்பா அந்தக் கட்டடத்தில்தான் முப்பது ஆண்டுகள் புகை போட்டார். இப்போது அங்கே தகவலுக்குக் குளிர் போடுகிறார்கள்.

விதி பதினான்கு தெளிவாக இருந்தது: சந்தைப் பங்காளர்கள் தங்களுக்குள் எந்தத் தகவலையும் வலையமைப்பின் வழியாகவன்றிப் பேச்சாலோ, எழுத்தாலோ, மின்கருவியாலோ பரிமாறிக்கொள்ளலாகாது.

மறுநாள் காலை மூவரும் வழக்கம்போல ஏழாம் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஷர்மினி, "மழை வரும்போல இருக்கு" என்றாள்.

ஜெயபாலன் பதறிப்போய்க் கிளாஸைக் கீழே வைத்தார். "சும்மா இரு லா! மழை வந்தா டீ அதிகமா போகும். டீ போனா கேஸ் போகும். இது சந்தைத் தகவல்."

அதன் பிறகு அந்த மேசையில் ரொட்டி சானாய் மெல்லும் சத்தம் மட்டுமே கேட்டது.

நைனாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு அந்த மாதம் ஒரே ஒரு கவலைதான். வரும் சனிக்கிழமை அவருடைய அக்கா ஜொஹரா பீவியின் மகள் ஷஹீதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஈப்போ. விருந்து மண்டபத்தில் அறுநூறு பேர். பிரியாணி நைனாவின் பொறுப்பு. ஜொஹரா பீவி பாகான் செராய்க்காரி. நெல் வயலுக்கு நடுவே நாற்பது ஆண்டு குடித்தனம் செய்ததால், சோறு பற்றிய கடைசி வார்த்தை தன்னுடையது என்று எண்ணுபவர். தம்பியின் பிரியாணியை அவர் இதுவரை ஒருமுறைகூட நல்லது என்று சொன்னதில்லை. "தம் சரியில்ல" என்பார். கடை திறந்த நாளில் சொன்னார். போன நோன்புப் பெருநாளிலும் சொன்னார். இந்தச் சனிக்கிழமையாவது அந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று நைனா மாட்டுக் கறிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. நைனா இன்னும் தன் கேஸ் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றும், ஆகையால் அவர் 'தேர்வு செய்யாமையைத் தேர்வு செய்த நுகர்வோர்' என்று வகைப்படுத்தப்பட்டுள்ளார் என்றும் அது தெரிவித்தது. நைனா கடிதத்தோடு ஏழாம் மேசைக்கு வந்தார்.

"ஜெயபாலா, இது என்னா?"

"உங்களுக்குச் சுதந்திரம் கெடச்சிருக்குண்ணே. யார்கிட்ட வேணும்னாலும் கேஸ் வாங்கலாம்."

"யார் யார் இருக்காங்க?"

"இப்போதைக்கு நாங்க மட்டும்தான்."

"அப்ப உங்ககிட்டயே வாங்குறேன். இத்தனை வருசமா அதானே நடக்குது."

"அது பழைய ஆபீஸ்ணே. இது புது கம்பெனி. நீங்க பழைய விற்பனையாளர விட்டுட்டுப் புது விற்பனையாளருக்கு மாறணும். இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடுங்க, சுங்காய்க்கு அனுப்பிடுறேன்."

நைனா கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை காலை அந்தோணிமுத்து கூண்டைத் திறந்து மூன்றாவது வால்வை மூடிவிட்டு, ஏழாம் மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே! என்னாண்ணே இது?"

அந்தோணிமுத்துவுக்கு முகம் வாடிப்போயிருந்தது. "பழைய விற்பனையாளர் முடிஞ்சிட்டாருன்னு சுங்காய்லேருந்து செய்தி வந்திருச்சு, நைனா. புது விற்பனையாளர் ஆரம்பிச்சிட்டாருன்னு இன்னும் வரல. நடுவுல மூடி வைக்கணுமாம். 'இடைக்கால ஓட்டமின்மை'ன்னு பேரு போட்டிருக்கான்."

"புது விற்பனையாளர் உங்க பக்கத்துலதான் உட்கார்ந்து ரொட்டி தின்னுக்கிட்டிருக்காரு. அவர்கிட்டயே கேளுங்களேன்."

அந்தோணிமுத்து ஜெயபாலனைப் பார்த்தார். ஜெயபாலன் அந்தோணிமுத்துவைப் பார்த்தார். பிறகு இருவரும் விதி பதினான்கை நினைத்துக்கொண்டு தத்தம் பருப்புக் கறியைப் பார்த்தார்கள்.

நைனா சுங்காய்க்குப் போன் போட்டார். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஓர் உற்சாகமான குரல் வந்தது.

"உங்க செய்தி இங்கதான் சார் இருக்கு. ரொம்பப் பத்திரமா இருக்கு."

"அதுல என்னா எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?"

"அலாமாக்! அதெல்லாம் பார்க்க முடியாது சார். பார்க்க முடிஞ்சா அப்புறம் என்னா பாதுகாப்பு?"

"யாருதான் அதப் படிப்பாங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் படிக்கல சார். அதுக்குத்தான் போன மாசம் எங்களுக்கு விருது குடுத்தாங்க."

"தம்பி, எனக்குச் சனிக்கிழமை அறுநூறு பேருக்குச் சமையல் இருக்கு."

"பழைய விற்பனையாளர் உங்கள விடுவிச்சு ஒரு ஒப்புகை அனுப்பணும் சார். அது வந்தா போதும்."

"பழைய ஆபீஸைத்தான் கலைச்சிட்டீங்களே!"

"ஆமா சார். அவங்க பதிலுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். சராசரியா பதினோரு நாள் ஆகும்."

கேஸ் தோங், அதாவது சிலிண்டர், வாங்கி வைக்கலாம் என்றால், குழாய் வைத்த கட்டடத்தில் தோங் வைக்கக் கூடாது என்று காப்புறுதிப் பத்திரத்தில் இருந்தது. விறகு அடுப்பு என்றால் நகராட்சி வரும். அன்று மதியம் கடையில் எலுமிச்சைச் சாறும் வாழைப்பழமும் மட்டும் விற்றன. சாயங்காலம் அக்கா போன் செய்தார்.

"டேய் நைனா, எல்லாம் ரெடியா இருக்கா?"

"இருக்குக்கா."

"இந்தத் தடவையாவது தம்மை ஒழுங்காப் போடு."

அடுப்பில் தீயே இல்லாத ஒருவர் தம்மைப் பற்றி என்ன உறுதி கொடுக்க முடியுமோ, அதை நைனா கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை அவர் கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, டீ மாஸ்டர் ஷாஹ்ருல் மேசை துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தார். ஷாஹ்ருல் ஐந்தாம் மேசையில் பாதி எலுமிச்சைச் சாறோடு இருந்த கிளாஸை எடுத்தான். ஆறாம் மேசையிலும் அதே போலப் பாதிக் கிளாஸ். ஆனால் அதன் வாயில் சாசர் கவிழ்ந்திருந்தது. அதைத் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போனான். சாசர் மூடியிருந்தால் ஆள் சிகரெட் பிடிக்கவோ காரை நகர்த்தி வைக்கவோ போயிருக்கிறார், திரும்பி வருவார், எடுக்கக் கூடாது. இதை நைனா அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்த வாடிக்கையாளரும் சொன்னதில்லை. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் ஈப்போவில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

பேச்சில்லை. எழுத்தில்லை. மின்கருவி இல்லவே இல்லை.

நைனா எழுந்து ஏழாம் மேசைக்குப் போனார். "நான் உங்க மூணு பேருக்கும் ஒண்ணும் சொல்லல. நான் சந்தைப் பங்காளரும் இல்ல, நுகர்வோர். என் கடையில சாசர எப்படி வச்சா என்னா அர்த்தம்னு நான் எனக்கே சொல்லிக்கிறேன். கேட்கிறவங்க கேட்கட்டும்." பிறகு உரத்த குரலில் தனக்கே சொல்லிக்கொண்டார்: "சாசர் கிளாஸுக்கு அடியில இருந்தா, கேஸ் திறக்கலாம். கிளாஸுக்கு மேல கவுத்திருந்தா, மூடணும்."

ஜெயபாலன் மெல்லத் தன் கிளாஸைத் தூக்கி, சாசரை அதன் அடியில் நகர்த்தினார். அந்தோணிமுத்து எழுந்து பின்சந்துக்குப் போனார். தீக்குச்சி காட்டியதும் சமையல்கட்டில் தீ குப்பென்று பற்றி எரிந்தது.

இரண்டே நாளில் அது சிறப்பாக வளர்ந்துவிட்டது. மீட்டர் எண்ணைத் தெரிவிக்க ஷர்மினி ரொட்டியைத் துண்டுகளாகப் பிய்த்து வரிசையாக வைத்தாள்; பூஜ்யத்துக்கு ஒரு சொட்டுப் பருப்பு. வரிசையிலிருந்த மற்றக் கடைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். சாசரோடு எத்தனை கரண்டி இருக்கிறதோ அத்தனையாவது வால்வு. அந்தோணிமுத்து கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, திறந்த பின்கதவு வழியாக ஏழாம் மேசையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுதும் விதிப்படி நடந்த மனிதர் என்பதால், அவர் ஒரு பாதுகாப்பு அம்சத்தையும் சேர்த்துக்கொண்டார்: அனுப்புவது யார் என்று பார்ப்பதில்லை. கிளாஸை மட்டுமே பார்ப்பது. "ஆளப் பார்த்தா அது தனிநபர் தகவல் ஆயிடும், நைனா" என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆறு பெரிய சட்டிகள் மூன்று கரண்டி உத்தரவின் கீழ் அடுப்பில் இருந்தன. கறி வெந்து, அரிசி பாதி வெந்து, மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் வாரியத்தின் இணக்கத் தணிக்கை அதிகாரி பமேலா கடைக்குள் வந்தார். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

"நைனா முகம்மதுங்கிறது யாரு? குனோங் ராபாட்லேருந்து ரெண்டு நாளா வலையமைப்புல ஒரு செய்திகூட வரல. ஆனா கேஸ் ஓடுது. தகவல் இல்லாம கேஸ் ஓடுறது பாரதூரமான விஷயம்."

ஜெயபாலனும் ஷர்மினியும் அடையாளம் தெரியாதபடி வேறு மேசைக்கு மாறினார்கள். காலியாக இருந்த ஒரே மேசையில், ஏழாம் மேசையில், பமேலா உட்கார்ந்தார்.

"புவான், இந்த மேசை வேணாம். காத்தே வராது" என்றார் நைனா.

"பரவால்ல. ஒரு தே ஹாலியா குடுங்க."

நைனா சமையல்கட்டை எட்டிப் பார்த்தார். தீ கம்பீரமாக எரிந்தது. ஷாஹ்ருல் இஞ்சி டீயைக் கொண்டுவந்து, சர்க்கரைக்கு மூன்று கரண்டியாக அல்லாமல் ஒரே ஒரு கரண்டியாக, மிகுந்த முன்யோசனையோடு வைத்தான். பமேலா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். வேறொன்று கேட்டார். அதில் முடி இருந்தது. இன்னொன்று கேட்டார். ஷாஹ்ருல் மூன்றாவதைக் கொடுத்தபோது முதல் இரண்டும் கழுவி மேசைக்கே திரும்பி வந்திருந்தன. பமேலா ஒரு வாய் குடித்தார். பிறகு கை கழுவ எழுந்தார். ஈ மொய்த்தது. சாசரை எடுத்துக் கிளாஸின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனார்.

பின்சந்தில் அந்தோணிமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார்.

ஆறு சட்டிகளின் கீழும் தீ நூலாக இறங்கியது. பாதுகாப்பு விதிப்படி மூடுதல் என்பது மூன்று நிமிடம் நூல் தீ வைத்துவிட்டுத்தான் முழுதாக மூடுதல். நைனா ஓடி வந்து சாசரைத் தூக்கிக் கிளாஸுக்கு அடியில் வைத்தார். தீ எழும்பியது. பமேலா திரும்பி வந்தார்.

"ஈ விழுந்துடும்" என்று சாசரை எடுத்து மேலே கவிழ்த்தார். தீ இறங்கியது.

"புவான், மூடி வச்சா இஞ்சி வாசம் போயிடும்." நைனா எடுத்தார். தீ எழும்பியது.

"நான் பார்த்துக்குறேன், நீங்க போங்க லா." கவிழ்த்தார். இறங்கியது.

"புவான், டீ வேர்த்துடும்." எடுத்தார். எழும்பியது.

பமேலாவின் கை நடுவழியில் நின்றது. அவர் அறிவுக்கூர்மை மிக்க அதிகாரி. வாரியத்தில் அப்படிச் சிலர் இருப்பதுண்டு. சாசரைப் பார்த்தார். சமையல்கட்டைப் பார்த்தார். பின்கதவு வழியே, கூண்டருகில் வால்வில் கைவைத்தபடி அவருடைய கிளாஸை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிமுத்துவைப் பார்த்தார். சாசரை மெல்ல மேலே வைத்தார். புஸ். கீழே வைத்தார். குப். மறுபடி மேலே. மறுபடி கீழே. அந்தோணிமுத்து வேர்த்துக் கொட்டியும் ஓர் உத்தரவைக்கூடத் தவறவிடவில்லை.

ஏழாவது முறைக்குப் பிறகு பமேலா உட்கார்ந்தார். நைனா கைகளைப் பிசைந்தார்.

"புவான், என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. சாசரை மட்டும் கீழ வச்சிட்டுச் செய்யுங்க. அக்கா மக கல்யாணம்."

பமேலா டேப்லெட்டில் எதையோ அளந்துகொண்டிருந்தார். "நாலு செகண்ட்" என்றார்.

"என்னா நாலு செகண்ட்?"

"செய்தி போய்ச் சேர்ற நேரம். சுங்காய்ல பதினோரு நாள்." விதி பதினான்கைத் திறந்து ஒருமுறை படித்தார். "பேச்சு இல்ல. எழுத்து இல்ல. மின்கருவி இல்ல. வெளியாள் யாரும் இதுவரைக்கும் ஊடுருவியிருக்காங்களா?"

"நீங்க ஒருத்தர்தான், புவான்."

"நான் தணிக்கை. நான் கணக்கில்ல." சாசரை அடியில் வைத்தார். "திரு. நைனா முகம்மது, இது மீறல் இல்ல. இது புத்தாக்கம்."

பிரியாணி பன்னிரண்டு மணிக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தது. ஜொஹரா பீவி முதல் சட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார்.

"இன்னைக்குத்தான்டா தம் சரியா இருக்கு" என்றார் அக்கா. "தீய ஏத்தி எறக்கி எப்படிடா பக்குவமா பார்த்த?"

இருபத்திரண்டு ஆண்டு உழைப்பால் கிடைக்காத அந்த வார்த்தை, ஓர் ஈயாலும் ஓர் அதிகாரியாலும் கிடைத்தது. நைனா அதை அப்படியே தனதாக்கிக்கொண்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வாரியம் சுறுசுறுப்பாக இயங்கியது. ஏழாம் மேசை 'அங்கீகரிக்கப்பட்ட தகவல் முனையம்' ஆனது. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். சாசரில் எண் பொறித்தார்கள். மற்ற மேசைகளிலிருந்து போலிச் சாசர்கள் பறிமுதல் செய்யப்பட்டன. பாகான் செராயில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் தங்களுக்கும் முனையம் வேண்டும் என்று மனுப் போட்டன. ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு குழு வந்து, கிளாஸைப் படம் பிடித்துக்கொண்டு, ரொட்டி தின்றுவிட்டுப் போனது. வரிசையில் இருந்த கடைக்காரர்கள் நைனாவுக்கு மாலை போட்டார்கள். முடிவெட்டுகிறவர்கூட வந்தார்.

ஆறாவது மாதம் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டது. மேசை, கிளாஸ், சாசர் மூன்றும் ஒரே கடையின் கையில் இருந்தன. இது ஏகபோகம். ஆகவே அவை பிரிக்கப்பட்டன. கிளாஸ் நிறுவனத்துக்கு ஷாஹ்ருல் போனான். மேசை நிறுவனம் ஏலத்துக்கு விடப்பட்டது. சாசர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக நைனா முகம்மது நியமிக்கப்பட்டார். கழுத்தில் டை, பையில் அடையாள அட்டை. கல்லா இருந்த இடத்தில் ஒரு பலகைத் தடுப்பு. சாசரை எப்போது கிளாஸின் அடியில் வைப்பது, எப்போது மேலே வைப்பது என்பதை மூன்று நிறுவனங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாகாது. அதற்கான செய்தி சுங்காயிலிருந்து வரும்.

அந்த வாரம்தான் ஜொஹரா பீவி பாகான் செராயிலிருந்து நேரிலேயே வந்தார். இளைய மகள் நூருலுக்கும் நிச்சயமாகிவிட்டது. கயிற்றைத் தாண்டி, தடுப்பைச் சுற்றி, தம்பியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டேய் நைனா, அடுத்த மாசம் எட்டாந்தேதி. எண்ணூறு பேரு. அதே பிரியாணி, அதே தம்மு. மறந்துடாத."

நைனா டையைச் சரிசெய்துகொண்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார்.

"இதுல எழுதிக் குடுக்கா. சுங்காய்க்கு அனுப்புறேன். சராசரியா பதினோரு நாள் ஆகும்."

அக்கா பாரத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பின்னால் அணைந்து கிடந்த ஆறு அடுப்புகளையும் பார்த்தார்.

"அது கெடக்கட்டும்டா. பிரியாணிய யாரு செய்வா?"

"சமையல் எங்க பிரிவுல வராதுக்கா" என்றார் நைனா, உண்மையான வருத்தத்தோடு. "நாங்க சாசர் மட்டும்தான்."